ஜாவா வகுப்பில் காணாமற்போன செருப்பு

படிக்கட்டில் ஒரே ஒரு ஜோடிச் செருப்புதான் மிச்சம் இருந்தது. அது தனேஸ்வரனுடையது இல்லை.

கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தான். நீல வார், வெள்ளை அடி, எட்டாம் நம்பர். எல்லாம் சரிதான். ஆனால் வலது குதிகால் வெளிப்பக்கமாகத் தேய்ந்திருந்தது. இடது வாரில் இருக்கவேண்டிய சிவப்பு நூலையும் காணோம். ஆறு மாதத்துக்கு முன் வார் பிய்ந்தபோது, தங்கச்சி வதனி தன் பள்ளிக்கூடத் தையல் பெட்டியிலிருந்து நூல் எடுத்து இறுகச் சுற்றி இரண்டு முடிச்சுப் போட்டுக் கொடுத்திருந்தாள்.

"என்ன தம்பி, செருப்பை வச்சிக்கிட்டு சோசியமா பாக்குறீங்க?" கீழே கடையிலிருந்து மர்ஸூக் ஹாஜியார் தலையை நீட்டினார்.

"என் செருப்பக் காணோம் ஹாஜியார். யாரோ மாத்திப் போட்டுக்கிட்டுப் போயிட்டாங்க."

"அதான் ஒரு ஜோடி ஈக்குதே. போட்டுட்டுப் போங்களே."

"இது என்னோடது இல்லீங்க. எனக்கு என் செருப்பு தெரியும்."

இந்த வார்த்தையை அவன் அடுத்த மூன்று வாரமும் வகுப்பில் சொல்லிக்கொண்டே திரிந்தான்.

அது இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு. பதுளை பஸ் நிலையத்துக்குக் கிட்ட, மர்ஸூக் ஹாஜியாரின் செருப்புக் கடைக்கு மேல்மாடியில் அவரே ஒரு கம்பியூட்டர் நிலையம் நடத்தினார். பதினொரு கம்பியூட்டர்கள், ஒவ்வொன்றுக்கும் பூப்போட்ட துணியில் உறை. வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் அந்த உறைகளைப் போர்த்திவிடுவதைப் பார்த்தால், கைக்குழந்தையைத் தூங்கவைக்கிறார்கள் என்றுதான் தோன்றும். மவுஸின் வயிற்றைத் திறந்து உருண்டையை எடுத்துத் துடைப்பது அப்போது ஒரு கலை. பிளாப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ்ஸில் போவார்கள். அந்தக் குளிரூட்டிய அறையின் வாசனை, அங்கே படித்தவர்களுக்கு இன்றைக்கும் எங்கேயாவது மூக்கில் பட்டால் போதும், கால் தானாகச் செருப்பைக் கழற்றப் பார்க்கும்.

அந்த அறைக்குள் செருப்போடு யாரும் போகக்கூடாது. தூசு பட்டால் கம்பியூட்டர் செத்துப்போகும் என்று நாடே நம்பிய காலம் அது. எனவே இருபத்திரண்டு மாணவர்களும் படிக்கட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஐஸ்போன்ற தரையில் விரல்களை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இருபத்திரண்டும் நீல வார்ச் செருப்பு. ஹாஜியார் அந்த வருஷம் லொறிக்கணக்கில் இறக்கியது அது ஒன்றைத்தான், அதுவும் எட்டாம் நம்பரில். நமுனுகுல மலைத் தேயிலைத் தோட்டத்து வரிசைவீடுகளில் லயத்துக்கு லயம், லுணுகலைக் கடைத்தெரு முழுக்க, எல்லாக் காலிலும் அதுதான்.

தனேஸ்வரன் மட்டும் ஏன் கடைசியாக வெளியே வந்தான் என்றால், சத்தியபாமா மிஸ் அவனை நிறுத்திவைத்திருந்தார்.

மிஸ்ஸின் சொந்த ஊர் யாழ்ப்பாணம். அப்பாவுக்குக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், உத்தியோகம் என்பதால் பதுளைக்கு வந்தவர். அன்றைக்குக் கிளாஸ், ஒப்ஜெக்ட் என்ற பாடத்தை ஆரம்பித்திருந்தார். ஜாவா என்ற கம்பியூட்டர் மொழியைப் படிக்கிறவன் இந்த இரண்டையும் பிடித்துக்கொள்ளாவிட்டால் மேற்கொண்டு ஓரடியும் நகரமுடியாது.

"வீட்டுப் பிளான் ஒண்டு இருக்குது. அதை வச்சு எத்தினை வீடும் கட்டலாம். பிளான்தான் கிளாஸ். கட்டின வீடு ஒவ்வொண்டும் ஒப்ஜெக்ட். விளங்கிச்சுதோ தனேஸ்வரன்?"

தனேஸ்வரன் எழுந்து நின்று வரைவிலக்கணத்தை ஒப்பித்தான். "கிளாஸ் என்பது ஒப்ஜெக்ட்களுக்கான வார்ப்பு. ஒப்ஜெக்ட் என்பது அவ்வார்ப்பிலிருந்து பிறக்கும் தனியொரு பொருள்." விடிய முன்பு லயத்து இருட்டில் கிளம்பி, முதல் பஸ்ஸைப் பிடிக்க மழைச்சேற்றில் இறங்கி வரும்போதெல்லாம் இதைத்தான் முணுமுணுத்துக்கொண்டு வந்தான்.

"அது கொப்பியில இருக்குது. உம்மட தலையில என்ன இருக்குது?"

தலையில் ஒன்றும் இல்லை. பன்னிரண்டு வீடு ஒட்டிய லயத்தில் பிறந்தவன் அவன். பிளான் பார்த்துக் கட்டிய வீடு என்று அவன் கண்டது தோட்டத்துத் தொரையின் பங்களா ஒன்றுதான், அதுவும் கேற்றுக்கு வெளியே நின்று.

"நாலாம் கிழமை சோதினை," என்றார் மிஸ். "வரைவிலக்கணம் எனக்கு வேண்டாம். சொந்தமா ஒரு உதாரணம் சொல்லவேணும். சொல்லாத ஆக்கள் திரும்பவும் டைப்பிங் வகுப்புக்குத்தான்."

தனேஸ்வரனின் தோட்டத்து ஆபீசில் புதிதாகக் கம்பியூட்டர் ஒன்று வந்து, ஆளில்லாமல் உறைக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. "டிசம்பருக்குள்ள ஜாவா சர்ட்டிபிகேட்டோட வா, அந்த மேசை ஒனக்குத்தான்," என்று பெரிய கிளாக்கர் சொல்லியிருந்தார். இல்லையென்றால் அப்பா வேலைசெய்யும் பெக்டரியில், கொழுந்து வாட்டும் மாடியில் அவனுக்கு இடம் தயார். இருபது வருஷம் அந்த மாடியில் நின்ற அப்பாவின் இருமலைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, அது எப்படிப்பட்ட இடம் என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

இந்தக் கவலையோடு வந்தவனுக்குச் செருப்பும் இல்லை. அடுத்தவன் செருப்பைப் போட மானம் இடம் கொடுக்காததால், அந்த ஜோடியைக் கடையிலேயே வைத்துவிட்டு வெறுங்காலோடு பஸ் ஏறினான்.

லயத்துக்கு வந்தால் அங்கே வேறொரு பஞ்சாயத்து. பக்கத்து வீட்டு மாடசாமி, எப்போதும்போல வலது காலைச் சாய்த்துச் சாய்த்து இஸ்தோப்பில் உலாத்தியபடி கத்திக்கொண்டிருந்தார். இஸ்தோப்பு என்பது பன்னிரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஓடும் முன் தாழ்வாரம். பன்னிரண்டு வீட்டுச் சண்டைக்கும் அதுதான் மைதானம்.

"ஒங்க நாய கட்டிப் போடுறியா இல்லியா? மொதல்ல கருவாடு. அப்பறம் என் துண்டு. இப்ப செருப்பு! நாளைக்கு என்னையே தூக்கிட்டுப் போகும்!"

தனேஸ்வரனுக்கு இருந்த எரிச்சலில் எதிர்த்துப் பேசத் தெம்பில்லை. தன் நாய் ஜிம்மியை இழுத்துவந்து தூணில் கட்டினான். ஜிம்மி அவனை ஏறிட்டுப் பார்த்து முனகியது.

செருப்பு தொலைந்ததை வீட்டில் சொல்லாமல், மழைச்சேற்றைச் சாக்குச் சொல்லி, அடுத்த சனிக்கிழமை அப்பாவின் பெக்டரி பூட்ஸைப் போட்டுக்கொண்டு வந்தான். முழங்கால்வரை ஏறிய கறுத்த ரப்பர் பூட்ஸ். ஒரே கம்பியூட்டரில் அவனோடு உட்காரும் ஹுமைத், பதுளை டவுன் பையன், அதைப் பார்த்துவிட்டு, "எங்கடா, ஆத்துல மீன் பிடிக்கப் போறியா?" என்றான்.

"சிரிக்காத. இன்னைக்கு என் செருப்பப் புடிச்சிருவேன்."

அவன் கையோடு ஒரு அறிவித்தல் எழுதிக்கொண்டு வந்திருந்தான். ஹாஜியாரிடம் பசை வாங்கிப் படிக்கட்டுச் சுவரில் ஒட்டினான்.

'காணவில்லை. நீல வார், வெள்ளை அடி, எட்டாம் நம்பர் செருப்பு. மாறிப் போட்டுச் சென்ற அன்பர் தயவுசெய்து இங்கே வைத்துவிட்டுச் செல்லவும்.'

சிவப்பு நூலைப் பற்றி ஏன் எழுதவில்லை என்றால், வெட்கம். வகுப்பில் டவுன் பிள்ளைகள் எட்டுப் பேர். ஒட்டுப்போட்ட செருப்பைத் தேடுகிறான் என்று அவர்களுக்கு ஏன் தெரியவேண்டும்?

அறிவித்தல் நன்றாகத்தான் வேலைசெய்தது. நீல வார், வெள்ளை அடி, எட்டாம் நம்பர் என்று வாசித்துவிட்டுக் குனிந்து தன் காலைப் பார்த்த ஒவ்வொருவருக்கும் பகீரென்றது. நாம்தானோ அந்த அன்பர்? மனசாட்சி உள்ள மூன்று பேர் தங்கள் சொந்தச் செருப்பையே சுவரோரமாகப் பணிவாக வைத்துவிட்டு, எஞ்சியதில் தங்களுடையது எதுவென்று தேடி எடுத்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு வந்தவர்களும் அப்படியே; செருப்பு மிஞ்சாத கடைசி மூன்று பேர் வெறுங்காலோடு போனார்கள். தனேஸ்வரன் வெளியே வந்தபோது அறிவித்தலுக்குக் கீழே மூன்று ஜோடி அவனுக்காகக் காத்திருந்தது. மூன்றிலும் நூல் இல்லை.

"பாத்தீங்களா, ஒண்டு போச்சு, மூணு வந்திட்டு!" என்று ஹாஜியார் மகிழ்ந்தார். "அல்லா குடுத்ததுண்டு எடுத்துட்டுப் போங்க."

"எனக்கு என் செருப்புதாங்க வேணும்."

ஹாஜியாருக்கு அது ரோஷத்தைக் கிளப்பிவிட்டது. தன் கடைப் படிக்கட்டில் செருப்புக் காணாமற் போவதா? மூன்றாம் சனிக்கிழமை, செருப்புப் பெட்டிகளைக் கத்தரித்துச் சீட்டுகள் செய்து, கடையின் பெயரும் பதுளை விலாசமும் அச்சிட்ட அந்த அட்டைகளில் நம்பர் எழுதி, நூல் கோத்துத் தயாராக உட்கார்ந்திருந்தார். கோயில் வாசலில் கொடுக்கிறார்களே, அதே மாதிரி.

மாணவர்கள் மேலே போனதும், இடதுகால் செருப்புகளை ஒரு வரிசையாகவும் வலதுகால் செருப்புகளை ஒரு வரிசையாகவும் அடுக்கினார். இடது வரிசைக்கு ஒன்றிலிருந்து, வலது வரிசைக்கு அதற்குப் பின்னிருந்து, ஒவ்வொரு செருப்புக்கும் தனித்தனி நம்பர் கட்டினார். போன கிழமை ஆளில்லாமல் கடையில் கிடந்தவற்றையும் விடவில்லை. அடுக்கும்போது எந்த இடதுக்கு எந்த வலது என்பதை அவர் கவனிக்கவில்லை. எல்லாம் ஒரே மாதிரிதானே இருந்தன!

வகுப்பு முடிந்ததும் ஆளுக்கு இரண்டு நம்பர் சொல்லி, இரண்டு செருப்பைக் கொடுத்தார். எல்லோரும் அவருடைய ஒழுங்கை மெச்சிக்கொண்டு போனார்கள்.

துரதிர்ஷ்டம், அன்று காலை மழையில் மிஸ்ஸின் தோல்செருப்பு அறுந்துபோயிருந்தது. அவரும் ஹாஜியாரிடமே புத்தம்புதிதாக ஒரு நீல வார் வாங்கிப் போட்டிருந்தார். பஸ் நிலையத்தில் நின்றபோதுதான், தான் ஒரு பக்கமாகச் சரிந்து நிற்பது அவருக்குத் தெரிந்தது. குனிந்து பார்த்தார். ஒரு காலில் புதுச் செருப்பு. மற்றக் காலில் அப்பளம்போலத் தேய்ந்த பழைய செருப்பு. அது ஹுமைதுடையது. ஹுமைத் அந்த வாரம் முழுக்க ஒரு கால் உயரமாக நடந்தும் ஒன்றையும் கவனிக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

நாலாம் சனிக்கிழமை மிஸ் வகுப்புக்குள் வந்ததும் கேட்ட முதல் கேள்வி ஜாவா பற்றியதல்ல.

"இந்தச் செருப்புக் கூத்தைத் தொடக்கினது ஆர்?"

இருபத்தொரு விரல்கள் ஒரே நேரத்தில் தனேஸ்வரனைக் காட்டின. பக்கத்தில் இருந்த ஹுமைதின் விரல் கிட்டத்தட்ட அவன் கன்னத்தில் குத்தியது.

"நல்லது. சோதினையும் உம்மிலயே தொடங்குவம். எழும்பும். கிளாஸ் எண்டால் என்ன, ஒப்ஜெக்ட் எண்டால் என்ன?"

"கிளாஸ் என்பது ஒப்ஜெக்ட்களுக்கான..."

"வரைவிலக்கணம் வேண்டாம் எண்டு சொன்னனான்."

வீட்டுப் பிளானைச் சொல்லலாமா? அது மிஸ்ஸின் உதாரணம். மாமரம், மாங்காய் என்று ஏதோ யோசித்து வைத்திருந்தான். அது இப்போது நினைவுக்கு வரவில்லை. மூன்று வாரமாக அவன் தலைக்குள் இருந்தது ஒரே ஒரு பொருள்தான். அப்பாவின் இருமல் காதில் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டு அதையே சொல்லிவிட்டான்.

"செருப்பு மிஸ்."

வகுப்பு சிரித்தது. மிஸ் சிரிக்கவில்லை. "சொல்லும்."

"செருப்பு செய்யிற எடத்துல ஒரு அச்சு இருக்கும்ல மிஸ், அதுதான் கிளாஸ். அதுல வார் நெறம்னு ஒண்ணு இருக்கும், நம்பர்னு ஒண்ணு இருக்கும், தேய்மானம்னு ஒண்ணு இருக்கும். ஆனா அச்சைக் கால்ல மாட்டிக்கிட்டு நடக்க முடியாது. அதுல இருந்து வந்த செருப்பத்தான் மாட்ட முடியும். அந்த ஒவ்வொண்ணும் ஒரு ஒப்ஜெக்ட். எல்லாம் ஒரே அச்சுதான், ஆனா ஒவ்வொண்ணுக்கும் தேய்மானம் வேற."

மிஸ் கையிலிருந்த சோக்கை மேசையில் வைத்தார். தனேஸ்வரனுக்கு என்னமோ ஒரு கதவு திறந்துகொண்ட மாதிரி இருந்தது. வார்த்தைகள் தாமாக வந்தன.

"நான் ஒட்டுன நோட்டீஸ் பெரிய பிழை மிஸ். நீல வார், வெள்ளை அடி, எட்டாம் நம்பர்னு எழுதுனேன். அது எல்லாச் செருப்புக்கும் பொருந்தும். நான் தேடுனது ஒப்ஜெக்ட்ட, எழுதி வச்சது கிளாஸ. என் செருப்புல..." டவுன் பிள்ளைகளைப் பார்த்தான். பிறகு தலையை நிமிர்த்தினான். "என் செருப்புல வார் பிஞ்சி, என் தங்கச்சி சிவப்பு நூல்ல ரெண்டு முடிச்சுப் போட்டிருக்கா. அத எழுதியிருக்கணும். வெக்கத்துல எழுதல."

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

"ஹாஜியாரும் ஒரு பிழை விட்டாரு மிஸ். ஜோடிதான் ஒரு ஒப்ஜெக்ட். அவரு அத ரெண்டாப் பிரிச்சி நம்பர் போட்டுட்டாரு."

"யா அல்லாஹ், இது எனக்குத் தெரியாமப் போச்சே!" என்றது வாசலில் ஒரு குரல். ஹாஜியார் எப்போதிருந்து அங்கே நிற்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை.

மிஸ் கடைசியாக ஒரு கேள்வி கேட்டார். "சரி. 'என்ர செருப்பு' எண்டு ஒரு பேர், 'தனேஸ்வரன்ர செருப்பு' எண்டு இன்னொரு பேர். எத்தினை ஒப்ஜெக்ட்?"

"ஒண்ணுதான் மிஸ். பேரு எத்தன வேணும்னாலும் வைக்கலாம். அந்தப் பேரு எந்தச் செருப்பக் காட்டுதுன்னுதான் பாக்கணும். அது தெரியாம 'என்னோடது, என்னோடது'ன்னு சொல்லிக்கிட்டு இருக்கிறவன் மடையன். புதுச் செருப்பு வேணும்னா ஜாவாவுல 'நியூ'ன்னு எழுதி உண்டாக்கணும்."

"நியூ வேணுமுண்டா என்ட கடைக்கு வரணும்!" என்றார் ஹாஜியார்.

மிஸ் சிரித்தார். அவர் சிரித்து அந்த வகுப்பு அதுவரை கண்டதில்லை. தனேஸ்வரனின் கொப்பியை வாங்கி, 'ஜாவா தொடரலாம்' என்று சிவப்பு மையில் எழுதிக் கையெழுத்து வைத்தார்.

பிறகு இருபத்திரண்டு பேரும் படிக்கட்டுக்கு வந்தார்கள். இம்முறை யாரும் நிறத்தையும் நம்பரையும் சொல்லவில்லை. பெருவிரல் பதிந்த குழி, நாய் கடித்த தடம், ஆணி ஏறிய துளை என்று அவரவர் அடையாளத்தைச் சொல்லிச் சொல்லி எடுத்தார்கள். மூன்று வாரக் குழப்பம் கால்மணி நேரத்தில் தீர்ந்தது. மிஸ்ஸின் புதுச் செருப்பைத் திருப்பிக் கொடுக்கும்போது ஹுமைத், "அதான் இந்தப் பக்கம் ஏறி ஏறி வந்திச்சு," என்று ஆச்சரியப்பட்டான்.

கடைசியில் ஒரு ஜோடி மிச்சம் நின்றது. ஹாஜியாரின் சீட்டுக்கூட அவிழ்க்காத, வலது குதிகால் வெளிப்பக்கமாகத் தேய்ந்த அதே ஜோடி. சிவப்பு நூல் கட்டிய செருப்பு மட்டும் வரவேயில்லை.

"உம்மடதைக் கொண்டுபோன கள்ளன்ர செருப்பு இது," என்று மிஸ் தீர்ப்புச் சொன்னார். "போட்டுக்கொண்டு போம். அவன் வந்தால் பாப்பம்."

பூட்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு, அதைக் காலில் மாட்டினான் தனேஸ்வரன். ஆச்சரியம், ஏற்கெனவே பழகியது மாதிரி இருந்தது. வெற்றி பெற்றவனுக்கு எல்லாம் பொருந்தும் என்று நினைத்துக்கொண்டான். நமுனுகுல பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அந்த வயதில், கொப்பியில் ஒரு வரிச் சிவப்பு எழுத்தோடு, மூடுபனிக்குள் வளைந்து வளைந்து ஏறும் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும் சந்தோஷம் பிறகு எந்தச் சம்பளத்திலும் அவனுக்குக் கிடைத்ததில்லை.

லயத்துக்கு வந்ததும் செருப்பை இஸ்தோப்பில் கழற்றிவிட்டு உள்ளே ஓடினான். தூணில் கட்டியிருந்த ஜிம்மி அந்தச் செருப்பை எட்டி மோந்து பார்த்து, வாலை ஆட்டிக் குரைத்தது. அதை யாரும் கவனிக்கவில்லை.

"பாஸ் பண்ணிட்டேன்! ஆபீஸ் மேசை எனக்குத்தான்!"

அப்பா கொப்பியை வாங்கி அந்த ஒரு வரியை விரலால் தடவிப் பார்த்தார். தீபாவளிக்குப் பலகாரம் சுட, அடுப்புக்கு மேலிருந்த பரணில் ஏறி விறகு இறக்கிக்கொண்டிருந்த வதனி, அங்கிருந்தபடியே கைதட்டினாள். தனேஸ்வரன் வகுப்பில் நடந்ததையெல்லாம் நடித்துக் காட்டினான்.

"ஆயிரம் செருப்புக்கு நடுவுல வச்சாலும் எனக்கு என் செருப்பு தெரியும்னு சொன்னேன்..."

பரணிலிருந்து விறகுக்கட்டோடு ஏதோ இரண்டு சாமான் பொத்தென்று அவன் முன்னால் விழுந்தன. நீல வார். வெள்ளை அடி. இடது வாரில் சிவப்பு நூல், இரண்டு முடிச்சு.

"அட, இது இன்னும் இங்கயா கெடக்கு?" என்றாள் வதனி. "அன்னைக்கு வெள்ளிக்கிழம மழையில நனைஞ்சிருச்சுன்னு நான்தாண்ணே இஸ்தோப்புல இருந்து எடுத்துக் காயப்போட்டேன். விடியக்காலம் நீ எடுத்துக்கிட்டுத்தான் போயிருப்பேன்னு நெனச்சேன்."

தனேஸ்வரன் அந்த ஜோடியைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தான். அதற்குள் இஸ்தோப்பிலிருந்து மாடசாமியின் குரல் கேட்டது:

"டேய் தனேசு, என் செருப்பு வந்திருச்சுடா... என்னது, பதுளைக் கடைச் சீட்டுல்ல கட்டியிருக்கு? ஏன்டா, ஒங்க நாயி இத பஸ் ஏறியாடா தூக்கிட்டுப் போச்சு?"